நூற்றுக்கு நூறு வருகை

ஊரே திரண்டு வந்தும் மூன்று பேர் குறைந்தார்கள்.

ஊராட்சி எழுத்தர் மறுபடி எண்ணினார். நூற்றுப் பதினேழு. படுத்த படுக்கையாய்க் கிடந்த தாத்தாவைக்கூடக் கட்டிலோடு தூக்கி வந்தாயிற்று. பட்டியலிலோ நூற்று அறுபது பெயர்கள். அதில் முக்கால் பங்கு, நூற்றிருபது பேர், கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊர்த்திட்டம் மேலே போகும். திட்டத்தில் ஊர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆஸ்பத்திரி.

எழுத்தருக்கு அது வெறும் கோப்பு இல்லை. போன வருடம் அவருடைய அக்கா பிரசவத்துக்காக டவுனுக்குப் போகும் வழியில் டிராக்டரிலேயே உயிரை விட்டாள். இப்போது தங்கைக்கு எட்டாம் மாதம். அவருக்குத் தூக்கமே இல்லை.

"மிச்சப் பேர் எங்கய்யா?" என்றார் திட்ட அதிகாரி.

"வர்ற நிலைமையில இல்ல சார். நாப்பத்து மூணு பேரும் செத்துட்டாங்க. பட்டியல் போட்டுப் பதினோரு வருஷமாச்சு."

"அப்ப பேரை அடிச்சிட வேண்டியதுதானே?"

"அதுக்கு இறப்புச் சான்றிதழ் கேக்குறாங்க. அதுல டாக்டர் கையெழுத்துப் போடணும். அந்த டாக்டரத்தான் சார் கேக்குறோம்!"

"அது உன் பாடு. மக்கள் பங்கேற்பு இல்லாம திட்டம் இல்ல. நான் சாப்பிட்டு வர்றேன்."

அவர் திரும்புவதற்குள் இறந்தவர்களில் மூன்று பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

அதிகாரி தாளைப் பார்த்தார். "சரி, நூற்றிருபது ஆச்சு. வராத நாப்பது பேருக்கும் ஒவ்வொருத்தரா காரணம் எழுது."

"செத்துட்டாங்கன்னு..."

"சான்றிதழ் இருக்கா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். ஊர் வரிசையில் நின்றது. மாமனாருக்கு மருமகள் வைத்தாள், தம்பிக்கு அண்ணன் வைத்தான்.

"இருந்தப்ப ஒரு வேலைக்கும் ஆகல மனுஷன். இப்பவாவது ஊருக்கு உதவட்டும்" என்று புருஷன் பெயருக்கு நேரே விரலை அழுத்தினாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டுதான் வந்தாள், போகும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

கடைசியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு தங்கை வந்தாள்.

"அக்கா பேர் எதுண்ணா?"

எழுத்தர் காட்டினார். அவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நூற்று அறுபதுக்கு நூற்று அறுபது. "இப்படி ஒரு பங்கேற்ப நான் பாத்ததே இல்லய்யா!" என்று அதிகாரி கை குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டே வாரத்தில் கோப்பு 'நிராகரிப்பு' என்று திரும்பியது. எழுத்தர் தலைமை அலுவலகத்துக்கு ஓடினார்.

"என்னம்மா இது? கையெழுத்து எதுவும் குறையுதா?"

டைப்பிஸ்ட் அம்மா நிதானமாகத் தாள்களைப் புரட்டினார்.

"சேச்சே, ஒண்ணுகூடக் குறையல. பதினோரு வருஷமா ஒருத்தர்கூடச் சாகாத ஊருக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி?"