முழுசு ஓட்டிய ஆட்டோ

கடவுளைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே எனக்கு மோட்சம் உறுதி. நான் திறந்தேன். அதுவும் முழுசு ஓட்டுகிற ஆட்டோவில்.

திருவண்ணாமலையில் 'பாதி' என்ற சொல்லைக் கேட்டாலே பிரேக் போடுகிற ஒரே மனிதர் அவர்தான். அரை டீ குடிக்க மாட்டார். கிரிவலத்தில் பாதி நடந்து களைத்துப்போய் ஒருவர் கை காட்டினால், "மீதியை யாரு சுத்துறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவருக்கு எங்கள் மலைமேல் அவ்வளவு அக்கறை! ஸ்டாண்டில் எல்லாருக்கும் அவர் 'முழுசு'; நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆட்டோவின் முதுகில் மட்டும் 'முழுக் கடவுள், முழு மனிதன்' என்று எழுதியிருக்கும்.

தினமும் வேங்கிக்கால் ஆபீசுக்கு அதில்தான் போவேன். ஒருநாள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, என் அறிவைக் காட்டினேன்.

"உங்க இயேசு நம்ம அர்த்தநாரீஸ்வரர் மாதிரி. பாதி கடவுள், பாதி மனுஷன். கரெக்டா?"

நடுரோட்டில் ஆட்டோ நின்றது. பின்னால் வந்த பஸ் அலறியது.

"இன்னா சார் நீங்க! அவரு பாதி பாதி. இவரு முழுசு முழுசு."

தோல்வியை ஒப்புக்கொள்ளும் வம்சத்தில் வந்தவனல்ல நான். மறுநாள், "பாலும் டிகாஷனும் மாதிரியா?" என்றேன்.

"கலந்துட்டா ரெண்டுமே தனியா இல்லையே சார்."

"அப்போ எண்ணெயும் தண்ணியும்?"

"அது ஒட்டவே ஒட்டாதுங்க. இவரு ஒரே ஆளு. அசதின்னா படகுலயே படுத்துத் தூங்குனாரு. எழுப்பிவிட்டா, எழுந்து புயல்காத்தை அதட்டி அடக்குனாரு. தூங்குனவரும் அதட்டுனவரும் அவரேதான்."

அதற்கு அடுத்த வாரம், ஆபீசுக்குப் போகும் வழியில் என் நெஞ்சை யாரோ பிசைந்தார்கள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த முழுசு, "பயப்படாதீங்க சார், ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். எனக்கு நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது வெளியே பெரிய அழுகைச் சத்தம். நான் போய்ச் சேர்ந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம்.

நர்ஸ் அவரிடம், "நீங்க பேஷண்டோட தம்பிங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"இல்லம்மா, ஆட்டோ" என்று தேம்பல்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"காலையில என்ன சாப்டீங்க?"

"மசால் வடை."

"எத்தனை?"

"ஆறு."

"வெறும் கேஸ். எழுந்து போங்க."

எனக்கு ஒரு கிலோ எடை குறைந்த மாதிரி இருந்தது. வெளியே வந்தால், பெஞ்சில் சட்டைக் கையெல்லாம் நனைந்து, மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தார் முழுசு. என்னைப் பார்த்ததும் இன்னொரு பாட்டம் அழுதார், இது சந்தோஷத்தில்.

"ஆண்டவர் பாத்துக்குவார்னு சொன்ன ஆளு எதுக்குய்யா அழுத?"

"செத்துப்போன சிநேகிதனை எழுப்பத்தான் போறோம்னு தெரிஞ்சும், இயேசுவே அழுதாரு சார்."

என் கைக்குட்டையை அவர் கையில் திணித்துவிட்டு அதட்டினேன்.

"அதுக்காக ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்குற அளவுக்கா? கொஞ்சம் கம்மியா அழுதிருக்கலாமில்ல?"

மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார்.

"பாதி அழத் தெரியாதுங்க."