பெரியப்பா, தைப்பூசம் வரைக்கும்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பெரியப்பா அவர்களின் பாதங்களுக்கு, தெலுக் இந்தானிலிருந்து நாகரத்தினம் வணங்கி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் தவமணியும் நலம். தங்கள் நலமறிய ஆவல். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமான ஆவல். போனில் பேசினால் தங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நேற்று இரண்டு பேர் தாங்கித்தான் தாங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள் என்று கதிரேசன் அண்ணன் குளுவாங்கிலிருந்து சொன்னதும் இங்கே நான் காலண்டரை எடுத்து நாளை எண்ணினேன். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். கோயில் அன்னதானத்தில் மூவாயிரம் பேருக்குச் சமைக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு வருஷமாக அது கைக்கெட்டியும் வாய்க்கெட்டவில்லை. முந்தின வருஷம் பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கூலிம் சித்தப்பா போனார். போன வருஷம், நான் முகம்கூடப் பார்த்திராத லாபிஸ் பங்காளி ஒருவர் போனார். பதினாறு நாள் தீட்டு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. எதிர்ச்சாரியில் நின்று, வேறு எவனோ சாம்பாரை அடிப்பிடிக்க விட்ட வாடையை மோந்துகொண்டு அழுதேன் பெரியப்பா.

போன வாரக் கூட்டத்தில் கோயில் தலைவர் டத்தோ மாசிலாமணி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ரத்தினம், இந்த வருஷம் ஒங்க வீட்ல யாரும் இழுத்துக்கிட்டு இல்லையே லா? இப்பவே சொல்லிப்புடுங்க, வேற ஆளு பாக்கணும்."

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க டத்தோ" என்றேன். விரதத்தில் பொய்.

குருக்களிடம் ஓடினேன். "தொண்டு செய்யிறவனுக்குமா சாமி தீட்டு?"

"தீட்டு தீட்டுதான். ஆனா சேதி காதுல விழுந்தப்புறந்தான் அந்தக் கணக்கெல்லாம்" என்றார்.

தவமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பசிச்சு வந்தவன் சோத்தப் பாப்பானா, ஒங்க பங்காளி யாருன்னு பாப்பானா? பூசம் முடியிற வரைக்கும் குளுவாங் போன எடுக்காதீங்க, அவ்வளவுதான்!"

நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பா போன பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே அப்பா நீங்கள். உங்களைத் தூக்க வராமல் இங்கே அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தால் அது என்ன தொண்டு? வந்துவிட்டால் அந்த மூவாயிரம் பேருக்கு என்ன பதில் சொல்ல? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் கைகூப்பிக் கேட்கிறேன், ஒன்பதே நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். பல் இல்லாவிட்டால் ஈறையாவது கடித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்டபாணி எல்லாருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். தங்களுக்கு முதலில்.

இப்படிக்கு,
தங்கள் ஆயுளையே நம்பியிருக்கும் மகன்,
நாகரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும்போது போன் அடித்தது. பதற்றத்தில் எடுத்துவிட்டேன். அண்ணன்தான், அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே முதலில் புரியவில்லை. அவர் மருமகளுக்கு ஒரு மாதம் முந்தியே பிரசவம் ஆகிவிட்டதாம். ஆண் குழந்தை, இருவரும் சுகம். பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பதினாறு நாள் தீட்டுதான். அண்டா கைமாறிவிட்டது. இனிப் பூசத்துக்காகத் தாங்கள் சிரமப்பட வேண்டாம் பெரியப்பா. நாளைக் காலை பஸ் ஏறுகிறேன், மூவாயிரம் பேருக்கு இல்லாவிட்டாலும் தங்கள் ஒருவருக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறேன். கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். அதுவரைக்கும் மட்டும் இருங்கள்.