அதே அளவு எழுத்தில்

"'பிறவிக் காதே தோற்றுப்போகும்!' இதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டிருக்காங்க" என்று உரிம அலுவலகத்து நோட்டீஸிலிருந்து தலையை நிமிர்த்தினாள் மனைவி.

காது கேட்கும் கருவி விற்கும் கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக வாசல் பலகையில் இருக்கும் வரி. அவரே மூளையைக் கசக்கி எழுதியது. ஆதாரம் என்றால் அந்தக் கசக்கல்தான்.

"ஏழு நாளில் விளம்பரத்தைத் திருத்தாவிட்டால் உரிமம் ரத்து. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். வாய்மொழி விளக்கம் ஏற்கப்படாது" என்று மீதியையும் படித்தாள்.

"ரத்தா? இதை விட்டா எனக்கு வேற என்ன தொழில் தெரியும்?"

உடனே பெயிண்டரைக் கூப்பிட்டு, வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பலகையின் அடியில் எறும்பு அளவில் 'எல்லோருக்கும் அல்ல' என்று எழுத வைத்தார். சொன்னதாகவும் ஆயிற்று, யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

மனைவி நோட்டீஸோடு இணைத்திருந்த விதிகளைப் புரட்டினாள். "நிபந்தனையும் அதே அளவு எழுத்துல இருக்கணுமாம்."

பெயிண்டர் மறுபடி வந்தார். பெரிய எழுத்தில் 'எல்லோருக்கும் அல்ல' பலகையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. 'கூட்டத்தில் தெளிவாகக் கேட்காது' ஷட்டருக்கு இறங்கியது. 'பழக ஒரு மாதமாவது ஆகும்' பக்கத்துச் சுவருக்குப் போயிற்று. பிறவிக் காதுக்கு இடமே இல்லை. அழித்துவிட்டார்கள்.

"அண்ணே, ஆளுங்களைக் கூப்பிடுறீங்களா, விரட்டுறீங்களா?" என்றார் பெயிண்டர்.

"நீ எழுதுப்பா."

மிஞ்சியது ஒரு புகைப்படம். காதில் கருவியோடு சிரிக்கும் பெரியவர். கீழே, 'என் வாழ்க்கையே மாறிவிட்டது!' பயன்படுத்தாதவர் சாட்சி சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. பெரியவர் வேறு யாருமில்லை, கடைக்காரரின் மாமனார். மாடியில் படுத்தபடியே, கீழே அடுப்படியில் பிஸ்கட் டப்பா திறப்பதைக் கண்டுபிடிக்கிற காது அவருக்கு.

"மாமா, நாலு நாளைக்கு இதைப் போட்டுக்குங்க. படத்துல சொன்னது உண்மையாயிடும்."

அரை மணி நேரத்தில் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார் மாமனார். "மாப்பிள்ளை, நான் தண்ணி முழுங்குறதே இடி இடிக்கிற மாதிரி இருக்கு. மரியாதையா என் படத்தை எடுத்துடுங்க. இல்லேன்னா அதிகாரிகிட்ட நானே எழுதிக் கொடுப்பேன்!"

"எங்கப்பா காதோட விளையாடுறீங்களா?" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு நாள் வீட்டில் யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் நிஜமான வாடிக்கையாளரையே தேடிப் போனார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுதித் தந்தார்: 'முதல் மாதம் கழற்றி எறியத் தோன்றியது. இப்போது பேத்தி பேசுவது புரிகிறது. பஸ்ஸில் ஒன்றும் புரியாது. விலை அதிகம்.'

"அந்தக் கடைசி வரியை மட்டும்..." என்று இழுத்தார் கடைக்காரர்.

"சாட்சி சொன்னதை வெட்டக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கு" என்றாள் மனைவி. படம் இருந்த இடத்தில் அதுவும் ஏறியது, முழுசாக.

ஏழாம் நாள் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கி, பலகை, ஷட்டர், சுவர் எல்லாவற்றையும் ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

"சார், டீ சாப்பிடுறீங்களா?"

பதில் இல்லை.

"சார், ஏதாவது குறை இருந்தா..."

அதற்கும் பதில் இல்லை. நல்ல கண்டிப்பான மனுஷன் என்று கடைக்காரர் இரண்டடி ஒதுங்கி நின்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். மடமடவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். 'நான் பார்த்த கடைகளில் பொய் இல்லாத விளம்பரம் இது ஒன்றுதான். உரிமம் தொடரலாம்.'

"ஜெயிச்சுட்டோம்!" கடைக்காரர் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மனைவி கோபத்தையெல்லாம் மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடியிலிருந்து மாமனார் கைதட்டினார். அத்தனை சந்தோஷமாகக் கடைக்காரர் அந்த வாசலில் நின்றதே இல்லை.

அதிகாரி மட்டும் கிளம்பவில்லை. உள்ளே போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரர் திகைத்துப்போய் ஜீப் டிரைவரைப் பார்த்தார். அவர் கிட்டே வந்து சொன்னார்:

"ஐயாவுக்கு ரெண்டு காதுக்கும் கருவி வேணும் சார். எந்தக் கடையை நம்பி வாங்குறதுன்னு தெரியாமத்தான் எல்லாருக்கும் நோட்டீஸ் விட்டாரு."