ஜாதகம் பார்த்துப் பேர் வைத்த ஒயர்கள்

உலகத்தில் உள்ள அத்தனை பொருளுக்கும் பேர் வைத்துவிட்டுத்தான் ஓய்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர் அவர். ஹைதராபாத் குகட்பள்ளியில் நான் வேலை பார்த்த குட்டிக் கம்பெனியின் சீனியர் இன்ஜினியர். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். ஆபீஸில் பிரிண்டருக்குப் பேர், ஃபேனுக்குப் பேர், இன்வெர்ட்டருக்கு இனிஷியலோடு பேர். எங்களையும் விடவில்லை. பதிலுக்கு நாங்கள் அவருக்கு வைத்த பேர், நாமகரணம்.

அப்போது ஒரு ஐஸ்கிரீம் கம்பெனிக்காக லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று தயார் செய்துகொண்டிருந்தோம். எடை மெஷின் ஒரு யூஎஸ்பி ஒயரில், ஃப்ரீசர் தெர்மாமீட்டர் இன்னொன்றில். கம்ப்யூட்டரோ முதலில் கண்ணில் பட்டதற்கு சைபர், அடுத்ததற்கு ஒன்று என்று நம்பர் போடும். ஆஃப் செய்து ஆன் செய்தால் நம்பர் மாறிவிடும். ஒரு நாள் ஃப்ரீசர் ஐம்பது டிகிரி காட்டி, மே மாத ஹைதராபாத்தையே தோற்கடித்தது. சர்க்கரை மூட்டை மைனஸ் பதினெட்டு கிலோ!

நான் புரொபேஷனில் இருந்தேன். டெமோ சொதப்பினால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"நம்பர் நக்கோம்மா, வேணாம். நிரந்தரமா பேரே வெச்சுடலாம். ஆனா ஜாதகம் பார்க்கணும்" என்றார் நாமகரணம்.

ஜாதகம் என்றால் ஒயருக்குள் பதிந்திருக்கும் சீரியல் நம்பர். அதைப் பார்த்து, இன்ன நம்பருக்கு இன்ன பேர் என்று கம்ப்யூட்டரில் விதி எழுதலாம். பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நம்பர்! ஒரே கடையில் வாங்கிய மலிவு ஒயர்கள்.

"ஹவ், ஆமாம்மா! ரெட்டைப் பிள்ளைங்க!" என்று பூரித்துப்போனார். பிறகு செருகும் இடத்தை வைத்துப் பேர் சூட்டினார். மேல் போர்ட்டில் இருப்பது 'தராசு', கீழே இருப்பது 'குளிர்'. மேலே குங்குமப் பொட்டு, கீழே சந்தனப் பொட்டு. பக்கத்தில் யார் போனாலும் பாய்ந்தார்.

டெமோ அன்று காலை, மேனேஜர் சுத்தமாக இருக்கட்டும் என்று பொட்டுகளைத் துடைத்து, ஒயர்களைப் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகிவிட்டார். கஸ்டமர் முன்னால் ஃப்ரீசர் மறுபடி ஐம்பது டிகிரி.

"யாரு கனெக்ட் பண்ணினது?" மேனேஜர் என்னை முறைத்தார்.

"நான்தான் சார்" என்று முன்னால் வந்த நாமகரணம் ஒயர்களை மாற்றிச் செருகினார். மைனஸ் பதினெட்டு. கஸ்டமர் திருப்தியாகத் தலையாட்டினார். என் வேலை நிலைத்தது. அவருக்குத்தான் எல்லார் முன்னாலும் அர்ச்சனை.

"நீங்க செய்யவே இல்லையே சார்! ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"உன்னை அனுப்பிட்டா, அடுத்து வர்ற பொண்ணுக்கு நான் புதுசா பேர் யோசிக்கணுமேம்மா!"

எனக்கு அவர் வைத்த பேரை இங்கே எழுத மாட்டேன். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடிப்பேன். அவர் கூப்பிட்டால், இன்றைக்கும் ஓடிப்போய் நிற்பேன்.