பதினாறரை மணி நேரம்

"மெலிட்டோன், அது என் வேலிக் கம்பு இல்லே?"

அடுத்த வீட்டுச் சத்துர்னீனா கேட்டபோது கம்பின் பாதி எரிந்துபோயிருந்தது.

"அடக்கம் முடியிற வரைக்கும் வாசல் நெருப்பு அணையக் கூடாதே, அக்கா. விறகு தீந்துடுச்சு."

"விறகா தீந்துச்சு? உன் கணக்கு தீரலேன்னு சொல்லு!"

மெலிட்டோன் லாவாக் விமான நிலையத்தில் முப்பது ஆண்டுகள் மூட்டைகளை எடைபோட்டவர். விமானங்களைக் குறித்துத் தமக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் எண்ணம். அண்ணன் எலாடியோ இறந்த அன்றே, நியூயார்க்கிலிருந்து மணிலா பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், பதினாறரை மணி நேரம் என்று கணக்கிட்டு, திங்கட்கிழமை அடக்கம் என அறிவித்துவிட்டார். பதினோரு ஆண்டுகளாக நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பாத அண்ணன் மகள் மாரிவிக், தந்தையின் முகத்தை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும். அதற்குமுன் பெட்டியை மூட விடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. மகள் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தார்.

"சித்தப்பா, இங்க இன்னும் ஞாயித்துக்கிழமையே முடியல. பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்த மறந்துட்டீங்களா?"

மெலிட்டோன் தலையில் அடித்துக்கொண்டார். அடக்கம் புதன்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. துக்கத்திற்கு வந்தோர்க்கு விருந்து சமைக்க இரண்டாவது பன்றியும் வெட்டப்பட்டது.

புதன்கிழமையும் மகள் வரவில்லை.

"டோக்கியோல விமானம் மாறணுமே, சித்தப்பா. அந்த நேரத்த யாரு சேர்ப்பாங்க?" என்றாள் மாரிவிக். பிறகு ஏனோ விசும்பினாள்.

"என் தப்புதாம்மா. நேர்கோட்டுல அளந்துட்டேன். நீ அழாதே."

அடக்கம் சனிக்கிழமையாயிற்று. பாதிரியார் வெகுண்டார்.

"ஆண்டவரே மூணாம் நாள் எழுந்துட்டாரு, மெலிட்டோன். உங்க அண்ணன் ஏழு நாளாப் படுத்தே கிடக்குறாரு!"

சனிக்கிழமையும் வராத மகள் தொலைபேசியில், கிழக்கே பறந்தால் ஒரு நாள், மேற்கே பறந்தால் வேறு நாள் என்று ஏதோ சொன்னாள். மெலிட்டோன் அதையும் தம் பிழையாகவே ஏற்றுக்கொண்டார். வேலி தீர்ந்தபின் நாற்காலி எரிந்தது. நாற்காலிக்குப்பின், அவர் அமர்ந்து கணக்கெழுதிய மேசையின் கால்களும் எரிந்தன.

எனினும் ஒன்று மட்டும் ஊரையே வியப்பில் ஆழ்த்தியது. பத்தாம் நாளிலும் எலாடியோவின் முகம் சற்றும் வாடவில்லை.

"பொண்ணுக்காகக் காத்திருக்காரு, புண்ணியவான்," என்று சத்துர்னீனாவே கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

சடலம் கெடாமலிருக்க மருந்து ஏற்றும் தெயோபிஸ்தோ அன்று மாலை வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மெலிட்டோன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டே நாள் தாங்குமா, தம்பி? இந்தத் தடவ கணக்கு தப்பாது."

தெயோபிஸ்தோ அவரை வாசற்படியில் உட்கார வைத்தார்.

"தாங்கும், அண்ணே. போன மாசம் உங்க அண்ணனே என்னத் தேடி வந்து, 'என் பொண்ணுக்கு அங்க பேப்பர் இல்ல, கிளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்க, அதனால அவ வரமாட்டா; ஆனா என் தம்பி கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பான், அவன் ஓயுற வரைக்கும் தாங்குற மாதிரி மருந்து ஏத்திடு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."