மூன்றாம் எண்ணை நீக்கக் கோரி

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

உளவியல் ஆராய்ச்சி மாணவி செல்வி இசைவாணி அவர்களுக்கு, சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருடம் டைம் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு பிரஷர் நீங்கலாக மற்றபடி நலம். சிதம்பரத்தில் தங்களுக்கு ஒரு குறையும் இருக்காது என நம்புகிறேன். குறை எல்லாம் எனக்குத்தான்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்வதாகச் சொல்லி, என் மனைவி அமிர்தத்திடம் மறக்க முடியாத பத்துச் சம்பவங்களைக் கேட்டீர்கள். நானும் பெருமையாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் கல்யாணம் முதலாவதா இரண்டாவதா என்பது மட்டும்தான் என் யோசனை. ஒன்பதாவதாக வந்தது. அதுவும், "அன்னிக்கு ரசத்துல உப்பு ஜாஸ்தி, என் புதுச் செருப்பு காணாப்போச்சு," அவ்வளவுதான். மாப்பிள்ளை வந்திருந்தானா என்ற தகவலே இல்லை. ஆனால் அந்த மூன்றாம் எண் இருக்கிறதே! 1982-இல் சிதம்பரத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை நடுவே இவள் மெஷின் மாட்டிக்கொண்டதாம். பக்கத்திலிருந்த வைத்திலிங்கம் என்பவர் சத்தமில்லாமல் எழுந்து தன் மெஷினைக் கொடுத்துவிட்டாராம். இவள் பாஸ், அவர் பெயில். அவருடைய நீலக் கோடு போட்ட சட்டை, இவளுடைய பச்சைத் தாவணி, சட்டைப் பட்டனின் நிறம் வரைக்கும் சொன்னாள். என் கைக்கடிகாரப்படி பதினோரு நிமிடம்.

"அந்த வயசு நினைவுங்கதான் சார் எல்லாருக்கும் ஆழமாப் பதியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அம்மா, என்னைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு இருபத்திரண்டுதான். நான் ஏன் பதியவில்லை?

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றேன். "தலகாணி உறைத் துணியாங்க?" என்றாள். பொறுக்கவில்லை. என் மச்சானிடம் நைசாக விசாரித்து, வைத்திலிங்கம் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதை அறிந்து, தலைக்கு டை அடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவருக்குத் தலையில் ஒரு முடி இல்லை. அதுவரைக்கும் திருப்தி.

"டைப்பிங்ல பெயிலானது ஞாபகம் இருக்கு சார். மொத நாளு ரெண்டு சினிமா பாத்துட்டுப் போனேன், கையே ஓடல. மெஷினக் குடுத்தேனா? அப்பிடி ஒரு பொண்ணு ஞாபகமே இல்லியே" என்றார்.

நான் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு கோபம். என் அமிர்தத்தை ஒருவன் மறப்பதா? "பதினோரு நிமிஷம் பேசுறாய்யா அவ! ரெட்டச் சடை, பச்சைத் தாவணி, காதுல செவப்புக்கல் தோடு, மெஷின் மாட்டிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நின்னுருக்கா. எப்பிடிய்யா மறப்ப?"

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். "பச்சைத் தாவணி... ஆமா சார்! கண்ணு கலங்கி, 'ரொம்ப தேங்க்ஸ் வைத்தி'ன்னாங்க சார்!"

இந்த 'தேங்க்ஸ் வைத்தி' அமிர்தம் சொன்ன பதினோரு நிமிடத்திலேயே கிடையாது. ஒன்றுமில்லாமல் நிம்மதியாக இருந்த மனுஷனுக்கு என் பெண்டாட்டியின் நினைவை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். "அவுங்கள ஒரு தடவ பாக்கணும் சார், கடைய மூடிட்டு வரவா?" என்றார். வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அவருக்கு ஞாபகமே இல்லையாம் என்று அமிர்தத்திடம் பாதியை மட்டும் சொன்னேன். கீரை ஆய்ந்தபடியே, "அவருக்கு இல்லன்னா என்னங்க, எனக்கு இருக்குல்ல" என்றாள்.

ஆகவே, தங்கள் ஆராய்ச்சி அச்சாகும் முன் மூன்றாம் எண்ணை நீக்கியோ, குறைந்தபட்சம் ஒன்பதை அதற்கு மேலே ஏற்றியோ உதவ வேண்டுகிறேன். தாங்கள் டாக்டர் இசைவாணியாகி, பெயர்ப்பலகை மாட்டிச் சீரும் சிறப்புமாக இருக்க என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
மு. ராஜமாணிக்கம்

பி.கு.: எதையும் நீக்க வேண்டாம். அன்று எனக்கும் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதைப் பூர்த்திசெய்து இதோடு வைத்திருந்தேன். கவரை ஒட்டுமுன் அமிர்தம் எடுத்துப் படித்துவிட்டாள். என் பத்தில் கல்யாணமே இல்லை என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன். இரண்டாம் எண்ணில் டைம் ஆபீஸ் இளவரசி இருக்கிறாராம். "யாருங்க அது?" என்று கேட்டவள் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை, காபியும் இல்லை. நாற்பது வருடத்தில் என்னை நினைத்து அவள் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. தயவுசெய்து என் தாளில் மற்றதையெல்லாம் கீழே தள்ளி, இன்றைய தேதியை ஒன்றாம் எண்ணாகச் சேர்த்துக்கொள்ளவும்.