வெடிக்காத துவக்குக்கு நான் எழுதிய நற்சான்றிதழ்

எனக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக் கடேற் மாணவர் படையில் இருந்தேன் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். (அங்கே நான் மேளம் அடித்தேன்.)

எழுபதுகளின் நடுவில் கனடாவின் ரொறன்ரோ நகரத் தமிழர் அனைவரையும் நாலைந்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதற்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு விளையாட்டுப் போட்டி. தலைவர் சின்னத்துரை அண்ணை. அவருடைய தங்கை மலர், ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மலரை எனக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன். அண்ணையிடமிருந்து "பாப்பம்" என்ற பதில் வந்தது. கூடவே, ஓட்டப்போட்டியைத் தொடக்கிவைக்கும் கைத்துவக்கு ஒன்றும் வந்தது. குண்டு கிடையாது, சத்தம் மட்டும் போடும்.

"தம்பி, நீர் பக்ரறியில சாமான் செக் பண்ணுற ஆள்தானே. உது எங்கட அலுவலுக்குச் சரிவருமோ எண்டு பாத்துச் சொல்லும்," என்றார் அண்ணை.

தொழிற்சாலையில் நான் செக் பண்ணியது தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் மூடி. ஆனாலும் மாப்பிள்ளை ஆகப்போகிறவன் அப்படியெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு கிழமை லீவு போடாத குறையாக அதைப் பரிசோதித்தேன். கண்ணாடி முன் நின்று இடக்கையால் பிடித்தேன், வலக்கையால் பிடித்தேன். பிறகு அறிக்கை எழுதினேன். எடை: திருப்தி. பிடி: திருப்தி. தோற்றம்: கம்பீரம். சத்தம்: போதியதாக இருக்கும் என நம்பப்படுகிறது.

நம்பப்படுகிறது என்று எழுதக் காரணம், வெடித்துப் பார்க்கவில்லை. ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் நான் தேங்காய் உடைத்தாலே கீழ்வீட்டுக் கிழவி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள்.

அறிக்கையைப் பார்த்த அண்ணை, போட்டியில் வெடிக்கும் பொறுப்பையும் எனக்கே தந்தார். போட்டிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமானைச் சாமிக்கு முன் வைக்காமல் பாவிக்கலாமா? சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். கல்யாணமும் சேர்ந்து கைகூடவேண்டுமே என்று சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன்.

மறுநாள் பெண்களுக்கான நூறு யார் தூர ஓட்டம். ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் மலர், வேலைக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்தோடு. எல்லைக்கோட்டில் அண்ணை நடுவராக நின்றார். நான் கோட் சூட்டில் கையை வானத்துக்கு உயர்த்தி விசையை அழுத்தினேன்.

டிக்.

மறுபடியும் அழுத்தினேன். டிக். நாலைந்து பஸ் ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"டுமீல்," என்றேன்.

ஐந்து பெண்கள் அசையாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மலர் மட்டும் ஓடினாள். தலை நிமிராமல், உயிரைக் கொடுத்து, முழுத் தூரத்தையும் தனியாக ஓடி முடித்தாள்.

"துவக்கு வெடிக்கேல்லை. ஓட்டம் செல்லாது," என்று தங்கைக்கே தீர்ப்புச் சொன்னார் அண்ணை. இரண்டு சட்டி மூடிகளைத் தட்டி மறுபடி ஓடவிட்டார்கள். களைத்துப்போன மலர் கடைசியாக வந்தாள்.

அண்ணை துவக்கை வாங்கி, அதன் பின்புறம் வந்து அடிக்கும் சின்னச் சுத்தியலுக்கு அடியில் காய்ந்து இறுகிக் கிடந்ததை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"சந்தனம். உதைச் சாமிக்கு முன்னால வைச்சனீரோ, சாமியையே உதுக்குள்ள வைச்சனீரோ?"

நான் நகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினேன்.

"வெடிச்சுப் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை. கீழ்வீட்டு மனுசி ஏசும்."

என் அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சம்பந்தம் அதோடு சரி என்று நினைத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். ஆனால் மலர் அண்ணையிடம் சொன்னாளாம், "பிழையை மறைக்கத் தெரியாத மனுசன், அவரையே எனக்குப் பேசி முடியுங்கோ" என்று.

கல்யாணத்தன்று என் அறிக்கையைச் சபையில் வாசித்தார் அண்ணை. "தோற்றம்: கம்பீரம்" என்று வாசித்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். இன்றைக்கும் மருமக்களுக்கு நான் டுமீல் மாமாதான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மலர் தேநீரோடு இந்தக் கதையையும் கொண்டுவருவாள். கடைசி வரியை மட்டும் என்னைப் பார்த்துச் சொல்லுவாள்.

"அண்டைக்கு இந்த மனுசன்ர வாயை நம்பி ஓடத் தொடங்கினனான். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறன்."